சாவி திருப்பத் தெரியாதவள்

எங்கள் பழைய காருக்குக் கணவர், டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோல் தள்ளும் பம்பைப் பெரிதாக வாங்கி மாட்டினார். அன்றிலிருந்து, ஒருமுறை அணைத்தால் வண்டி மறுபடி லேசில் கிளம்பாது.

"உனக்குச் சாவி திருப்பவே தெரியல, அம்மணி" என்றார். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் சொல்லிச் சிரித்தார். நாளாக நாளாக நானே அதை நம்பிவிட்டேன்.

இன்று பெரியநாயக்கன்பாளையத்தில் மெக்கானிக் பெட்ரோல் குழாயில் அழுத்தம் காட்டும் பிரஷர் கேஜை மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு அணைத்தார். முள் சரசரவென்று பூஜ்யத்துக்கு இறங்கியது.

"அக்கா மேல தப்பில்லீங்ணா. நீங்க மாட்டுன பம்புல பெட்ரோல் திரும்பி ஓடாம நிறுத்தற வால்வே இல்லீங்க. ஆஃப் பண்ணுனதும் பிரஷர் போயிருது, அதான் மறுபடி லேசுல கிளம்ப மாட்டேங்குது."

கணவர் முள்ளையே பார்த்தார். "உங்க கேஜ் நல்லா இருக்குதுங்களா?"

மெக்கானிக் வேறொரு கேஜை மாட்டினார். அதிலும் இறங்கியது.

வீடியோ எடுத்திருக்கிறேன். அதே குழுவில் போடலாமா, சொல்லுங்கள்.