சும்மா நாற்காலியில் வாயாடி

மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு ஒரு விஷயம் தெரியவில்லை என்றால் சாப்பாடு இறங்காது. தெருவில் யாராவது குழி தோண்டினால் எதற்கென்று கேட்டுவிட்டுத்தான் அதைத் தாண்டுவார். ஒருமுறை பேருந்தில் பக்கத்துச் சீட்டுக்காரர் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றை மடியில் வைத்திருந்தார். உள்ளே என்ன என்று தெரிந்துகொள்வதற்காக டீச்சர் தன் நிறுத்தத்தை விட்டுவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கினார். பெட்டிக்குள் இருந்தது பழைய மிக்ஸி. அதற்காக வெயிலில் திரும்பி நடந்ததில் அவருக்கு எந்த வருத்தமும் இல்லை.

"உனக்குப் போலீஸ்ல வேலை குடுத்திருக்கணும். தப்பா ஸ்கூல்ல குடுத்துட்டாங்க," என்பார் கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக். பழுதான லிஃப்டைத் தவிர வேறு எதையும் ஏன், எதற்கு என்று கேட்கமாட்டார்.

"போலீஸ் கேட்டா யாரும் உண்மையைச் சொல்லமாட்டாங்க. பிள்ளைங்க சொல்லும்," என்பார் டீச்சர்.

அப்படிப்பட்டவர்தான் தன் வகுப்பில் கேள்வியே கேட்கக்கூடாத இடம் ஒன்றை உண்டாக்கினார். ஜன்னலோரத்தில் கை ஒடிந்த சின்ன மரநாற்காலி ஒன்று கிடந்தது. அதற்குப் பிள்ளைகள் வைத்த பெயர் சும்மா நாற்காலி. மனசு சரியில்லாதவர்கள் யாரிடமும் சொல்லாமல் அதில் போய் உட்காரலாம். உட்கார்ந்தவரை என்ன, ஏது என்று எவரும் கேட்கக்கூடாது. சரியானதும் அவர்களாக எழுந்து வரலாம். போன வருஷம் ஒரு பையன் அழுதபோது வகுப்பே அவனைச் சூழ்ந்துகொண்டு கேள்வி கேட்டது. அவனுடைய விசும்பல் வாந்தியில் போய் முடிந்தது. அன்றைக்கு அதிகமாகக் கேள்வி கேட்டவர் டீச்சர்தான். ஆகவே அந்த விதி உண்மையில் அவருடைய வாய்க்குப் போட்ட பூட்டு.

முதல் வாரம் பிள்ளைகள் நாற்காலியைச் சோதித்துப் பார்த்தார்கள். வாய்ப்பாடு வருகிற நேரத்தில் பாதி வகுப்புக்கு மனசு சரியில்லாமல் போனது. ஒருவன் அதில் குறட்டை விட்டுத் தூங்கினான். டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றும் கேட்காமல் இருந்தார். அப்புறம் விளையாட்டு அலுத்துப்போய், உண்மையிலேயே தேவைப்பட்டவர்கள் மட்டும் அங்கே போனார்கள்.

டீச்சரைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. ஆசிரியர் அறையில் அவருக்கு ஃபிரிட்ஜ் என்று பெயர். அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். கோபமோ அழுகையோ வந்தால் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிடுவார். ஏற்கெனவே சுத்தமாக இருக்கும் பலகையை இன்னொரு தரம் துடைப்பார். கண்ணை மூடி மூச்சை இழுத்து விடுவார். முகத்தைச் சரிசெய்துகொண்டு சிரித்தபடி திரும்புவார். புதிதாக வேலைக்கு வருகிற டீச்சர்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுப்பார். "நம்ம முதுகைப் பார்த்தா பிள்ளைங்களுக்கு ஒண்ணும் தெரியாது," என்று அடித்துச் சொல்வார்.

அரைப்பரீட்சைக்குப் பிறகு அவர் பலகையைத் துடைப்பது அதிகமானது. சி பிரிவு டீச்சர் வேலையை விட்டுப் போனதும் அந்தப் பிள்ளைகளில் பாதிப்பேரை இவர் வகுப்பில் கொண்டுவந்து திணித்தார்கள். மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். வீட்டுக்குப் போனால் பிள்ளைகளைப் பற்றிக் கைப்பேசியில் நிரப்பவேண்டிய விவரங்கள் வரிசைகட்டி நின்றன. படுத்தால் தூக்கம் வரவில்லை. "என்ன ஒரு மாதிரி இருக்கே?" என்று கணவர்கூடக் கேட்டுவிட்டார். லிஃப்ட் அல்லாத ஒன்றைப் பற்றி அவர் கேட்பதென்றால் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். டீச்சர் "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனார். பள்ளிக்கூடத்தில் யார் கேட்டாலும் இதே பதில்தான்.

இந்தச் சமயத்தில்தான் வாயாடி பேச்சை நிறுத்தினாள்.

வாயாடி என்று பெயர் வைத்ததே டீச்சர்தான். இரண்டாவது பெஞ்சில் ஓரத்தில் உட்காரும் பெண். பென்சில் சீவும்போதுகூடப் பென்சிலோடு பேசுகிற பிள்ளை. எறும்புக்கு முட்டி எங்கே இருக்கும், மழை பெய்யும்போது மீனுக்குத் தெரியுமா என்று ஓயாமல் கேட்பாள். அவளுடைய கேள்விகளில் பாதிக்கு டீச்சருக்கும் விடை தெரியாது. இருவரும் சேர்ந்து மூளையைக் குடைந்துகொள்வார்கள். இந்த வேலையில் தனக்கு எஞ்சியிருக்கும் சந்தோஷம் இந்தப் பிள்ளைதான் என்று டீச்சர் மனசுக்குள் நினைத்துக்கொள்வதும் உண்டு.

அவள் திடீரென்று ஊமையாகிப்போனாள். பெயர் கூப்பிட்டால் கை தூக்குவாள், அவ்வளவுதான். வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் உதடு மட்டும் அசையும். அடிக்கடி சும்மா நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். தலையைக் கவிழ்த்துக்கொள்ளவும் இல்லை, அழவும் இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்து எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து தன் இடத்துக்குப் போய்விடுவாள்.

டீச்சருக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. நாற்காலியில் இருக்கும்போது கேட்க விதி இடம் கொடுக்கவில்லை. வெளியே பிடித்துக் கேட்டபோது "ஒண்ணுமில்ல டீச்சர்" என்று பதில் வந்தது. அந்த ஒண்ணுமில்லையை எங்கேயோ கேட்டமாதிரி இருந்தது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

பிறகு துப்பறியும் வேலையில் இறங்கினார். பெஞ்சில் புதிதாக வந்த பிள்ளைகள் கிள்ளுகிறார்களா என்று பார்த்தார். அவர்கள் இவளுக்கு ரப்பர் கொடுத்தார்கள். கணக்குக்குப் பயப்படுகிறாளா என்று பார்த்தார். கணக்கெல்லாம் சரியாகவே இருந்தது. கண்ணில் ஏதாவது கோளாறோ என்று பலகையில் பொடியாக எழுதிப் பார்த்தார். அதையும் பிழையில்லாமல் எழுதி வைத்திருந்தாள்.

ஒரு வியாழக்கிழமை அவளுடைய அம்மா வந்தார். மருந்துக்கடையில் வேலை செய்கிறவர். சீருடையோடு, பாதி வேலையில் ஓடி வந்திருந்தார்.

"வீட்டுல எப்படி இருக்கா? பேசுறாளா?" என்று டீச்சர் கேட்டார்.

"பேசுறாளாவா? காது புளிச்சுப் போகுது டீச்சர். ஸ்கூல்ல பேசாததையும் சேர்த்து வெச்சு எங்ககிட்ட கொட்டுறா. இங்க மட்டும்தான் வாயே திறக்கமாட்டேங்குறாளாம். உங்களைக் குறை சொல்லல, நீங்க தப்பா எடுத்துக்கக்கூடாது. ஆனா இங்க ஏதோ இருக்கு. அதான் திங்கக்கிழமைலேருந்து பி பிரிவுக்கு மாத்திடச் சொல்லிப் பெரிய டீச்சர்கிட்ட கேட்டுட்டேன். அவங்களும் சரின்னுட்டாங்க."

பெரிய டீச்சர் என்றால் தலைமையாசிரியை. அவர் சரி என்று சொன்னால் சொன்னதுதான். டீச்சர் தலையாட்டினார். உடனே கரும்பலகைப் பக்கம் திரும்பி, துடைத்த பலகையைத் துடைத்தார்.

அவருக்கு வலித்தது. வகுப்பு மாறுவது பெரிய விஷயமில்லை, பிள்ளைகள் மாறிக்கொண்டுதான் இருப்பார்கள். ஆனால் தன் அறையில் ஏதோ ஒன்று ஒரு பிள்ளையின் வாயை அடைத்திருக்கிறது. அது என்னவென்று தெரியாமலே அவளை அனுப்பிவிட்டால், மிச்சமிருக்கும் பிள்ளைகளுக்கு முன்னால் எந்த முகத்தோடு நிற்பது? இனி ஒரு நாள்தான் பாக்கி.

அன்றைக்கு மணி அடித்துப் பிள்ளைகள் போனபிறகு டீச்சர் கிளம்பவில்லை. கேட்கத்தானே கூடாது, உட்கார்ந்து பார்க்கலாமே என்று தோன்றியது. சும்மா நாற்காலியில் போய் உட்கார்ந்தார். முட்டி நெஞ்சில் இடித்தது. வாயாடியின் உயரத்துக்குத் தலையைத் தாழ்த்திக்கொண்டு, அவள் பார்க்கும் திசையில் பார்த்தார். சுவரில் ஒரு பல்லி. காலண்டர். முன்பக்க மூலையில் சாய்வாக நிற்கும் புத்தக அலமாரி. வேறு ஒன்றுமில்லை. இந்தப் பல்லியையா ஒரு பிள்ளை வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கும்?

கூட்டிப் பெருக்க வந்த ஆயா டீச்சரைக் கவனிக்காமல் நேராகப் போய் பலகையைத் துடைக்க ஆரம்பித்தார். டீச்சருக்கு அவருடைய முதுகு தெரிந்தது. அதே நேரத்தில் முகமும் தெரிந்தது.

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அலமாரியின் கண்ணாடிக் கதவில் ஆயாவின் பாதி முகம் தெள்ளத்தெளிவாக விழுந்திருந்தது. ஆயா கொட்டாவி விட்டார். பிறகு யாரையோ மனசுக்குள் திட்டுவதுபோல உதட்டைச் சுழித்தார். யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கும்போது மனுஷர்கள் வைத்துக்கொள்ளும் முகம் அது. டீச்சர் எழுந்து பெஞ்சில் போய் உட்கார்ந்து பார்த்தார். பெஞ்சிலிருந்து வெறும் முதுகுதான். மறுபடி நாற்காலிக்கு வந்தார். முகம் தெரிந்தது.

"என்ன டீச்சர், மூக்குத்தி கீழ விழுந்துடுச்சா?" என்றார் ஆயா.

"ஒண்ணுமில்ல ஆயா," என்றார் டீச்சர். சொல்லி முடிக்கும்போதே அவருக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த வார்த்தையை வாயாடி எங்கே பிடித்தாள் என்பது இப்போது விளங்கிவிட்டது.

இந்த இடத்தில் டீச்சர் செய்ததை நான் மறைக்கப்போவதில்லை. மறுநாள் காலை அவர் ஒரு பெரிய சார்ட் பேப்பரும் பசையும் வாங்கிக்கொண்டு முன்னதாகவே வந்தார். கண்ணாடியை மறைத்து ஒட்டிவிட்டால் தீர்ந்தது என்பது அவருடைய கணக்கு. பழைய ஃபிரிட்ஜ் புத்தி அவ்வளவு சீக்கிரம் போகுமா? பேப்பரை அளந்து வெட்டியும்விட்டார். ஒட்டுவதற்குள் மணி அடித்துவிட்டது.

முதல் பாடவேளை கந்தரகோளமாகப் போனது. பின்பெஞ்சில் தண்ணீர் பாட்டில் கவிழ்ந்தது. அதைத் துடைப்பதற்குள் முன்பெஞ்சில் ஒரு சண்டை. டீச்சர் வழக்கம்போலப் பலகைப் பக்கம் திரும்பினார், துடைப்பானை எடுத்தார். இத்தனை நாளும் கண்ணை மூடிக்கொள்ளும் இடத்தில் இன்றைக்கு மூடாமல் பக்கவாட்டில் பார்த்தார்.

கண்ணாடியில் நாற்காலி தெரிந்தது. அதில் வாயாடி இருந்தாள். எப்போது வந்து உட்கார்ந்தாளோ தெரியாது. கண் கொட்டாமல் டீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் தன்னைப் பார்த்துவிட்டார் என்று தெரிந்ததும் மாட்டிக்கொண்டவள்போல விழித்தாள். ஆனால் பார்வையை விலக்கவில்லை.

டீச்சர் முகத்தைச் சரிசெய்யாமலே திரும்பினார். சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் அந்த முகத்தைப் பார்த்துவிட்டுத் தாங்களாகவே அடங்கினார்கள்.

"இன்னிக்கு டீச்சருக்கு மனசு சரியில்ல," என்றார். குரல் உடைந்தது, உடையட்டும் என்று விட்டுவிட்டார். "ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது. வேலை ரொம்ப அதிகமா இருக்கு. அதனால அழுகை வருது. உங்க யார் மேலயும் கோபம் இல்ல. நீங்க யாரும் ஒண்ணும் பண்ணல."

ஜன்னல் பக்கமிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது. அந்த அறையில் பல நாளாகக் கேட்காத குரல்.

"நான் பேசுறதுனால இல்லையா டீச்சர்?"

"என்னது?"

"அன்னிக்கு நான் எறும்பைப் பத்திக் கேட்டேன். நீங்க அப்புறம் சொல்றேன்னு சொல்லிட்டுத் திரும்பி நின்னு அழுதீங்க. நான் இங்க உக்காந்திருந்தப்ப கண்ணாடியில தெரிஞ்சுது. அதான் பேசுறதை விட்டுட்டேன்." அவள் நாற்காலியின் ஒடிந்த கையைத் தடவிக்கொண்டே சொன்னாள். "விட்டுட்டா அழமாட்டீங்கன்னு நெனச்சேன். சரியாயிடுச்சான்னு அப்பப்ப வந்து பாத்தேன். ஆனா நீங்க இன்னும் அழுதுட்டேதான் இருந்தீங்க."

அந்த நாற்காலியில் இருப்பவரை ஒன்றும் கேட்கக்கூடாது என்பது விதி. கட்டிப்பிடிக்கக்கூடாது என்று விதி இல்லை. டீச்சர் போய் அவளைக் கட்டிக்கொண்டார். "உன்னால இல்லடா கண்ணு. நீ பேசினது ஒண்ணுதான் எனக்கு நல்லா இருந்துச்சு," என்றார். இதைச் சொல்ல இத்தனை நாள் ஆகிவிட்டதே என்று தன்மேலேயே அவருக்கு ஆத்திரமாக வந்தது.

மதியம் டீச்சர் பெரிய டீச்சரின் அறைக்குப் போனார். கையில் ஒரு காகிதமும் இல்லை. நேராக உட்கார்ந்து, "எனக்கு முடியல மேடம்," என்றார்.

பெரிய டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "நீயா சொல்றே? உனக்கு எதுவுமே ஆகாதுன்னு நெனச்சுத்தானேம்மா அத்தனை பிள்ளைங்களையும் உன் தலையில கட்டினேன்."

"அப்படித்தான் நானும் காட்டிக்கிட்டேன்."

பெரிய டீச்சர் மேஜைமேலிருந்த நேர அட்டவணையைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு, தினமும் கடைசிப் பாடவேளைக்கு வந்து பாதி வகுப்பைத் தானே வைத்துக்கொள்வதாகச் சொன்னார். கைப்பேசி விவரங்களை அலுவலக உதவியாளர் பார்த்துக்கொள்வார். தூக்கம் வராததற்கு டாக்டரைப் பார்க்கவேண்டும், அதைத் தள்ளிப்போடக்கூடாது. "நானும் ஒருத்தர்கிட்ட போயிட்டுத்தான் இருக்கேன். பேரு தர்றேன்," என்றார் மெதுவாக. டீச்சருக்கு எப்போதிலிருந்து, எதற்காக என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை.

"அந்தப் பொண்ணு பி பிரிவுக்குப் போகவேணாம் மேடம். அவங்க அம்மாகிட்ட நான் பேசுறேன். காரணம் தெரிஞ்சுபோச்சு."

"என்ன காரணம்?"

"நான்தான்."

மதிய வகுப்புக்குப் போனபோது வெட்டிவைத்த சார்ட் பேப்பர் மேஜைமேல் கிடந்தது. டீச்சர் அதை ஒரு பையனிடம் கொடுத்துப் படம் வரையச் சொன்னார். பலகையில் பாடத்தின் தலைப்பை எழுதத் திரும்பினார். பாதி எழுதும்போது அலமாரியைப் பார்த்தார். கண்ணாடியில் சும்மா நாற்காலி காலியாக இருந்தது.

"டீச்சர்," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. இரண்டாவது பெஞ்சின் ஓரம். "அந்த எறும்பு விஷயம் அப்படியே நிக்குது. இன்னும் நிறைய சேத்து வெச்சிருக்கேன். கேக்கட்டா?"

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார். கண் நிறைந்திருந்தது. துடைக்காமல் அப்படியே அவள் பக்கம் திரும்பி, "கேளு," என்றார்.