கண்ணாடிக்குக் கீழே இருந்த வெள்ளை

என் சித்தப்பாவான சாச்சா உப்பளத்திலிருந்து வந்து கை கழுவக் குனிந்தபோதுதான் அது என் கண்ணில் பட்டது. அவருடைய பழைய கைக்கடிகாரத்தின் முகம் பால் சேர்க்காத பிளேன்டீ நிறத்தில் இருந்தது. சில மாதங்களாகப் பழைய கடிகாரங்களைப் பற்றி இணையத்தில் வாசித்துத் தள்ளிக்கொண்டிருந்த நான் அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். முகம் ஒரே சீராகப் பழுப்பேறியிருந்தால் விலை கூடும். திட்டுத்திட்டாகக் கறைபட்டிருந்தால் இறங்கும். சீரான பழுப்பை அதுவரை திரையில் மட்டுமே பார்த்திருந்தேன்.

அவர் மனைவி சாச்சிக்கு ஓவர்லொக் மெசின் வேண்டும். அவர் தைக்கும் துணிகள் ஓரம் அடிக்க இன்னொரு வீட்டுக்குப் போய்த்தான் வருகின்றன. "மணி பார்க்க போன் இரிக்கு. இத வித்து மெசின எடுங்க" என்று சாச்சாவே கழற்றித் தந்தார். படம் எடுத்துக் கொழும்பில் ஒரு சேகரிப்பாளருக்கு அனுப்பினேன். அவர் சொன்ன விலையில் மெசின் வந்துவிடும். சாச்சி மெசின் வைக்க யன்னலடியை ஒதுக்கிக் கூட்டியும் வைத்துவிட்டார்.

கண்ணாடியைக் கழற்றி இன்னொரு படம் அனுப்பச் சொன்னார் சேகரிப்பாளர். புத்தளம் பஸாரில் கடிகாரம் திருத்துபவர் கழற்றி மேசையில் வைத்ததும், பிளேன்டீ நிறமும் அதனுடனேயே போய்விட்டது. கீழே முகம் வெள்ளை. சாவி கொடுக்கும் குமிழுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு பழுப்புக் கறை. மஞ்சள் கண்ணாடிக்குள் அது தெரியாமல் கிடந்திருக்கிறது.

"அது பிளாஸ்டிக் கண்ணாடி மகள், பழுக்கும்தானே" என்றார் சாச்சா, வீட்டுக்கு வந்து சொன்னபோது. "உள்ளுக்கு எப்பவும் வெள்ளதான்."

"ஏன் சாச்சா சொல்லல்ல?"

"நீ எங்க கேட்டாய்? போனத்தானே கேட்டுக்கொண்டிருந்தாய்."

"படிச்ச புள்ள, பழுத்த பிளாஸ்டிக்க விக்கப் போயிரிக்கு" என்றார் சாச்சி. சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் யன்னலடியைப் பார்த்தார்.

கறையின் கதையும் கேட்ட பிறகுதான் வந்தது. தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யும்போது சாச்சா கடிகாரத்தைக் கழற்றுவதில்லை. முழங்கைப் பக்கம் தள்ளிவிடுவார். கழற்றி வைத்தால் பள்ளிவாசலிலேயே மறந்துவிடுவாராம். ஐந்து வேளையும் உவர்த் தண்ணீர் குமிழ் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது.

சேகரிப்பாளர் விலகிக்கொண்டார். கடிகாரத்தை எடுக்கப் போனபோது திருத்துபவர், "ரெண்டு நாள் தாங்க, பெயின்ட் அடிச்சிப் புதுசாட்டம் தாறன்" என்றார். ஓம் என்று வாய்வரை வந்தது. ஆனால் லென்ஸ் வைத்துப் பார்த்திருந்தேன். மிகச் சிறிய எழுத்துகள்கூட ஓரம் கலையாமல் இருந்தன. தொழிற்சாலையை விட்டு வந்த பின் எந்தத் தூரிகையும் அந்த முகத்தைத் தொட்டதில்லை. வண்ணம் பூசினால் கறையோடு அந்த அசலும் போய்விடும்; வேண்டாம் என்றேன்.

"கறையோட ஆரு வாங்குவாங்க?" என்று சாச்சி கேட்டார்.

நாளைக் காலை வெயில் சாய்வாக விழும்போது, கண்ணாடி இல்லாமல் படம் எடுக்கப் போகிறேன். கறையைத்தான் முதலில். அது எப்படி வந்தது என்று சாச்சா சொல்லச் சொல்ல எழுதி, இந்த முறை ஒருவருக்கல்ல, வாங்கக்கூடியவர்கள் எல்லாருக்கும் அனுப்புவேன்.