எத்தனை தையல்?

எங்கள் லைனில் நோயைத் தையலால்தான் அளப்பார்கள். ஆபரேஷன் முடிந்து வேலைக்குத் திரும்பியவனிடம் முதல் கேள்வி, எத்தனை தையல் என்பதுதான். அதிகமென்றால் உட்கார்ந்து செய்யும் வேலை. குறைவென்றால் பழையபடி பெட்டி தூக்க வேண்டும். ஓசூரில் பிரேக் பாகங்கள் செய்யும் அந்தக் கம்பெனியில் நான் சேர்ந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம்.

என் வயிற்று வலிக்கு அங்கே ஒரே பெயர், கேஸ். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் தொப்புளுக்கு மேலே முறுக்கும். சட்டை நனைய வியர்க்கும். முதலுதவி அறையில் ரோஸ் நிற மருந்தை மூடியில் ஊற்றிக் கொடுப்பார்கள். அட்டைப் பெட்டியை விரித்துச் சுருண்டு படுத்தால் வலி தானாக விட்டுவிடும். "வலின்னு போன, இப்ப நல்லாத்தான நிக்கற?" என்பார் சூப்பர்வைசர். வலி போனதற்காக நான் வெட்கப்பட வேண்டியிருந்தது. வீட்டில் மனைவி சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுப்பாள். அவளும் கேஸ் கட்சிதான். கேட்டுக் கேட்டு நானும் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் அது விடவே இல்லை. பச்சையாக வாந்தி வந்தது. ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, "குடலிறக்கம். ஆனா வெளிய புடைக்காது. பிறவியிலயே உங்க வயித்துக்குள்ள ஒரு பை மாதிரி இடம் இருக்கு. குடல் அதுக்குள்ள போய் மாட்டிக்குது. ரொம்ப அபூர்வம்," என்றார்.

"இத்தன நாளா படுத்தா சரியாப்போச்சே?"

"தானா வெளிய வந்திருக்கும். இன்னைக்கு வரல."

விட்டால் குடல் அழுகிவிடும் என்றும் சொன்னார். எனக்குப் பயத்துக்கு முன்னால் நிம்மதிதான் வந்தது. மனைவி என் முகத்தைப் பார்க்காமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மூன்று துளை போட்டு, கேமரா விட்டு, மாட்டிய குடலை வெளியே இழுத்து, அந்தப் பையின் வாயைத் தைத்து மூடினார்கள். கொஞ்ச காலம் கனம் தூக்கக் கூடாது என்று சீட்டும் கொடுத்தார்கள்.

வேலைக்குத் திரும்பிய அன்று சூளகிரி வீட்டிலிருந்து பஸ்ஸில் நின்றபடியே வந்தேன். சூப்பர்வைசர் சீட்டைப் படிக்கவில்லை. சட்டையைத் தூக்கச் சொன்னார். தொப்புளில் ஒன்று, பக்கத்தில் இரண்டு, கொசு கடித்த அளவுக்கு.

"இஷ்டேனா? இவ்ளோதானா? எங்க வீட்டம்மாவுக்கு சிசேரியன்ல ஒரு ஜாண் வெட்டுனாங்க. ரெண்டாம் மாசமே களை எடுத்தா," என்றார் கன்னடக்காரரான சூப்பர்வைசர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு வாதாடத் தெம்பில்லை. தூக்கித் தொலைக்கலாம், தையல் பிரிந்தால் பிரியட்டும் என்றுகூடத் தோன்றியது.

ஆபரேஷன் வீடியோவை டாக்டரம்மா என் போனுக்கு அனுப்பியிருந்தார். நான் அதை முழுதாகப் பார்த்ததில்லை. டீ நேரத்தில் கேன்டீன் மேஜையில் வைத்து ஓட விட்டேன். நீலம் பாய்ந்த குடல் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. ஒருவர் கடித்த போண்டாவைத் தட்டிலேயே வைத்துவிட்டார். சூப்பர்வைசர் கடைசி வரை பார்த்தார். அவர் கை அவருடைய வயிற்றின் மேல் இருந்தது.

"லேபிள் ஒட்டற டேபிளுக்குப் போ," என்றார்.

நாற்காலி கிடைத்தது. சந்தோஷம் வரவில்லை, அசதிதான் வந்தது. சாயங்காலம் மனைவி போனில் கேட்டாள், "நம்பினாங்களா?"

"பாத்தாங்க," என்றேன்.