மருந்துச் சீட்டு கரைக்குப் போன நாள்

இப்போதெல்லாம் எங்கள் பக்கத்திலிருந்து நிறையப் பேர் விடுமுறைக்குக் கப்பலில் போகிறார்கள். நான் ஒருமுறை போனவள் என்பதால், டிக்கெட் எடுக்கும் முன் சிலர் என்னிடம் வந்து விசாரிப்பதுண்டு. என்ன உடுப்பு எடுக்க வேண்டும், சாப்பாடு எப்படி என்றுதான் கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது, மருந்துச் சீட்டு யார் பையில் இருக்கப்போகிறது என்று.

அப்போது நான் பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாணமாகி நான்கு வருஷம். கணவர் வளைகுடாவில் வெல்டர். அந்த நான்கு வருஷத்தில் அவரோடு இருந்த நாட்களைக் கூட்டினால் நூறுகூடத் தேறாது. வீட்டில் நானும் மாமியும்தான். மாமி என்றால் அவருடைய அம்மா. ஒரு ஜன்மியின், அதாவது நிலக்காரரின், மரச்சீனித் தோட்டத்தில் குடிசை போட்டு, அவர்களுக்கே கூலிவேலை செய்தவர். குடியிருப்பவருக்கே குடியிடம் என்று நிலச்சட்டம் வந்தபோது குடியிருந்த பத்து சென்ட் தனக்குத்தான் என்று நெய்யாற்றின்கரை ஆபீசுக்கு நடையாய் நடந்து பட்டயம் வாங்கினார். வேலியைப் பிடுங்க ஜன்மியின் ஆள் வந்த அன்று வெட்டுக்கத்தியை மடியில் வைத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தாராம். அதன் பிறகு அந்த மண்ணை விட்டு அவர் ஒரு ராத்திரிகூட வெளியே தங்கியதில்லை. அம்பூரியில் தங்கச்சி வீட்டுக்குப் போனால்கூடச் சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவார்.

அதனால்தான், கொச்சியிலிருந்து தீவுகளுக்கு ஐந்து நாள் கப்பலில் போகலாம் என்று லீவில் வந்த மகன் சொன்னதும் மாமி ஒரே பேச்சில் சரி என்றபோது நான் திகைத்துப்போனேன். வீட்டைப் பார்த்துக்கொள்ள என் அண்ணனை வரச்சொன்னதும் அவரேதான்.

எனக்குப் பள்ளி விடுமுறை மே மாதத்தில். அவர் லீவும் அப்போதுதான். ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு முன் கடல் புரள ஆரம்பிக்கும் என்று நாங்கள் யாரிடமும் கேட்கவில்லை. பம்பாயிலிருந்து கப்பலேறித்தான் அவர் முதன்முதலில் வளைகுடாவுக்குப் போனார். எனவே கப்பல் விஷயம் எல்லாம் தனக்குத் தெரியும் என்றார். மேல்தட்டில், முன்பக்கம், கடல் நன்றாகத் தெரிகிற அறையாகக் கேட்டு வாங்கினார். ஆட்டம் அதிகம் தெரிவது அங்கேதான், கீழே நடுப்பகுதியில் கிடைக்கிற அறையே நல்லது என்பதை நான் வாந்தி எடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

மூன்று பேரின் டிக்கெட், தீவுக்குள் போவதற்கான அனுமதித் தாள்கள், மாமியின் மாத்திரைகள், மருந்துச் சீட்டு எல்லாம் கணவரின் தோல்பைக்குள் இருந்தன. என்னுடையதையாவது என்னிடம் தாருங்கள் என்றேன். நீ சும்மா கடலைப் பார்த்துக்கொண்டு இரு என்று சிரித்தார்.

இரண்டாம் நாள் மதியம் முதல் தீவு வந்தது. பவளப்பாறை இருப்பதால் கப்பல் கரைக்குப் போகாது. தூரத்தில் நின்றுகொள்ளும். சின்னப் படகுகள் பக்கத்தில் வரும். கப்பலின் விலாவில் ஒரு கதவைத் திறந்து, படகு அலையில் உயர்ந்து வரும் நேரம் பார்த்து ஆட்களை இறக்குவார்கள். இரண்டு மாலுமிகள் கையைப் பிடித்துக்கொண்டு, "சாடு" என்பார்கள். அந்த ஒரு நொடியில் குதித்தாக வேண்டும். இதை டிக்கெட் கொடுத்தவர் சொல்லவே இல்லை.

அம்மாவைக் கீழிருந்து பிடித்துக்கொள்கிறேன் என்று அவர் முதலில் குதித்தார். தோளில் பை. அடுத்து மாமி கதவருகே போய் நின்றார். அந்நேரம் வந்த அலையில் படகு ஓர் ஆள் உயரம் கீழே போய், திரும்ப எழுந்து கப்பலில் மோதியது. மாலுமிகள் மாமியைப் பின்னால் இழுத்தார்கள். படகுக்காரர்கள் கயிற்றை விட்டுவிட்டார்கள். அலை அடங்கும்வரை இனிப் படகு கிடையாது என்று சொல்லி மாலுமிகள் கதவைச் சாத்தினார்கள். சாத்தும் முன் நான் கடைசியாகப் பார்த்தபோது, அவர் படகில் எழுந்து நின்று கையை நீட்டிக்கொண்டே இருந்தார்.

பத்து நிமிஷத்தில் மாமிக்கு மூச்சிழுப்பு ஆரம்பித்தது.

எப்போதாவது வருவதுதான், ஆனால் இப்படி வந்து நான் பார்த்ததில்லை. நெஞ்சுக்குழி உள்ளே போய்ப்போய் வந்தது. உதடு கறுத்தது. கப்பல் டாக்டரின் அறைக்குத் தாங்கிப் பிடித்துக் கொண்டுபோனோம். டாக்டர் இளைஞர், மலையாளி. ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே, "ஹார்ட்டினு எந்தெங்கிலும் அசுகம் உண்டோ?" என்று கேட்டார். இதயத்தில் நோய் எதுவும் இல்லை என்றேன். சந்தேகமில்லாமல் சொன்னேன்.

ஊசி மாமியின் கைக்கு அருகே வந்தபோது, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார். இழுப்பு மாத்திரையின் பெயரைச் சொன்னேன். பிறகு, ஒரு வாரமாக மஞ்சளாகச் சின்னது ஒன்றும் உண்டு, சத்து மாத்திரை என்று கணவர் சொன்னார் என்றேன். டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார். அதன் பெயர் தெரிய வேண்டும், இல்லாமல் இந்த மருந்தைப் போட முடியாது என்றார். சீட்டு கரைக்குப் போன பையில் இருந்தது.

ஓர் அதிகாரி என்னை வயர்லெஸ் அறைக்கு ஓட்டமாய்க் கூட்டிப்போனார். கரையில் ஆளனுப்பி அவரைத் தேடிப் பிடிக்கக் கால்மணி நேரம் ஆனது. இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் வந்தது. மருந்தின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார், நான் எழுதினேன். அதோடு நிறுத்திவிட்டார்.

"வேற என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

"வேற ஒண்ணும் இல்ல."

"இஞ்ச மாமிக்கு மூச்சு நிக்கப்போவுது. உள்ளதெல்லாம் வாசியுங்க."

 பிறகு வாசித்தார். இதயம் பலவீனம், நீண்ட பயணம் கூடாது. அதிகாரி என் முகத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

தாளோடு படியிறங்கி ஓடினேன். டாக்டர் படித்துவிட்டு முதல் ஊசியைக் குப்பையில் போட்டார். வேறொரு மருந்தை எடுத்து நரம்பில் மெல்ல மெல்ல ஏற்றினார். முகத்தில் ஆக்சிஜன் மாட்டினார். நான் மாமியின் நகங்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவற்றின் நீலம் போக அரை மணிக்கு மேல் ஆயிற்று.

நான்கு மணிவாக்கில் அலை தணிந்து ஒரு படகு அவரைக் கொண்டுவந்தது. இடுப்புவரை நனைந்து டாக்டரின் அறை வாசலில் வந்து நின்றார். தெரிந்தேதான் கூட்டிவந்தீர்களா என்று கேட்டேன்.  உள்ளே மாமி ஆக்சிஜன் மூடியை விலக்கினார்.

"அவனக் கேக்காத மக்கா. நானாக்கும் சொல்லண்டாம்னு சொன்னது. நீ அறிஞ்சா என்ன விடமாட்ட." மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். "பத்துப் பன்னிரண்டு வருசமா எனக்க பிள்ளய இந்தக் கடலு கொண்டு போவுது. எனக்கும் ஒரு தடவ இதுல இருந்து பாக்கணும்னு உண்டு."

 கோபம் அப்படியே இருந்தது, ஆனால் யார்மேல் காட்ட? அம்மாவும் மகனும் சேர்ந்து மறைத்திருந்தார்கள். நான்கு வருஷமாக மாமிக்குப் பக்கத்தில் படுப்பவள் நான். அதைவிட, "இல்லை" என்று டாக்டரிடம் நான் சொன்ன உறுதி என்னை நடுங்கவைத்தது. அந்த ஊசி போயிருந்தால், மாமியைக் கொன்ற சொல் என்னுடையதாகத்தான் இருந்திருக்கும்.

மீதித் தீவுகளில் நாங்கள் யாரும் இறங்கவில்லை. அன்று சாயங்காலமே பையைக் கேட்டு வாங்கி, படுக்கையில் கொட்டி, அவரவர் தாள்களை அவரவரிடம் கொடுத்தேன். மாமியின் மாத்திரையில் பாதி என்னிடம், பாதி அவரிடம். நான்காம் நாள் டாக்டர் சம்மதித்ததும் மாமியை மேல்தட்டில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். சாப்பாட்டு மணி அடித்தும் எழுந்து வரவில்லை.

ஊர் திரும்பியதும், அந்தச் சீட்டை எழுதிக்கொடுத்த நெய்யாற்றின்கரை டாக்டர் மூன்று பேரையும் நிற்கவைத்துத் திட்டினார். மாமி அதன் பிறகு ஏழு வருஷம் இருந்தார்.

லீவு முடிந்து அவரை வழியனுப்பத் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போனேன். உள்ளே போகும் நேரம் பெட்டியைக் கீழே வைத்தார். எனக்கும் ஒண்ணு சொல்ல உண்டு என்றார். முந்தின வருஷம் வேலையிடத்தில் சாரத்திலிருந்து விழுந்திருக்கிறார். கால் முறிந்து ஒன்றரை மாதம் படுக்கை. அந்த நாட்களில் எனக்கு வந்த கடிதங்களில் வெயிலைப் பற்றித்தான் எழுதியிருந்தார். லீவு முழுக்க வேட்டி கட்டாமல் பேண்ட்டோடே இருந்தது ஏனென்று அப்போதுதான் புரிந்தது. எந்தக் கால் என்று கேட்டேன். குனிந்து பேண்ட்டைச் சுருட்டி, முழங்காலுக்குக் கீழே நீளமாக இருந்த தையலைக் காட்டினார்.