சுண்டுவிரல் இல்லாத கீபோர்டு

எழுத்துமுறையை மாற்றும் எஃப் பன்னிரண்டைத் தட்டிவிட்டு அடிக்க ஆரம்பித்தேன். ஒரு பக்கம் முடிந்து தலையை நிமிர்த்தினால் திரையில் ஒரு வார்த்தைகூடத் தமிழில்லை. பழைய விசைப்பலகை, தட்டியது பதியவில்லை; எழுத்துமுறை மாறவில்லை. டைப்ரைட்டிங் படித்துவிட்டு டிடிபிக்கு வந்தவர்களின் தலையெழுத்து இது. நம் கண் கையெழுத்துப் பிரதியை விட்டு நகராது.

அது உசிலம்பட்டிக்காரர் ஒருவரின் காதணி விழா அழைப்பிதழ். தாய்மாமன்கள் மட்டும் முப்பது பேர். அவர் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, ஆரம்பத்திலிருந்தே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க அடிச்ச வேகத்தைப் பாத்து, வேற பாஷைக்காரவுக வேலைய முதல்ல முடிக்கிறீக போலன்னுல்ல நெனச்சேன்."

மூன்றாவது

எங்கள் டிடிபி கடையில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர், அதன் தமிழ் மென்பொருளுக்குள் மூன்று கீபோர்டு. ஒன்று, டைப்ரைட்டர் முறை. இரண்டு, இங்கிலீஷ் எழுத்தில் அடித்தால் தமிழில் வருகிற முறை. மதியத்துக்கு மேல் உட்காரும் சாந்தியுடையது. மூன்று, என்னுடையது. எஃப் பன்னிரண்டைத் தட்டத் தட்ட ஒன்று, இரண்டு, மூன்று என்று சுற்றிவரும். எதில் விட்டுப் போகிறோமோ அதில்தான் மறுநாள் திறக்கும்.

மூன்றாவது வந்த கதை சிறியது. டவுன் பஸ் கதவில் என் வலது சுண்டுவிரல் நசுங்கியது. கட்டுப் பிரித்த பிறகு அது மடங்கவில்லை. டைப்ரைட்டர் முறையில் புள்ளி இருப்பது அந்த விரலுக்கடியில்தான். புள்ளி வைக்காமல் தமிழில் ஒரு வரி நகராது. அந்த மென்பொருளில் எழுத்துகளை நம் இஷ்டத்துக்கு இடம் மாற்றிக்கொள்ளலாம். ஒரு வாரம் போராடி, சுண்டுவிரலுக்கு உரியதையெல்லாம் மற்ற விரல்களுக்குப் பிரித்துக் கொடுத்தேன். முதலாளியிடம் விரல் சரியாகிவிட்டது என்றேன். தெரிந்தால் வேலை போய்விடும். எதிர் மாடி டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஹையர் பாஸ் செய்த பெண்கள் வரிசையில் நின்றார்கள். என்னைச் சேர்த்த அன்றே அவர் சொல்லியிருந்தார்:

"பத்து வெரலும் ஓடணும் தம்பி. ஒம்பது வெரலுக்கு நம்ம கடையில வேலை இல்ல."

சாந்தியின் கேள்வி

சாந்தி சௌராஷ்டிரா வீட்டுப் பெண். வீட்டிலிருந்து போன் வந்தால் அவர்கள் பாஷையில் படபடவென்று பேசிவிட்டு, வைத்ததும் எங்கள் தமிழுக்கு மாறிவிடுவாள். மதியம் அவள் வந்ததும் நான் எழுந்து பக்கத்து மேஜையில் புரூஃப் பார்க்க உட்காருவேன். ஒருநாள் அவள் எஃப் பன்னிரண்டைத் தட்ட மறந்து நாலைந்து வரி அடித்துவிட்டாள்.

"அண்ணே, இந்த மூணாவது கீபோர்டு யாருது?"

"யாரோ போட்டது. வேலைக்காகாது."

அவள் என் கையைப் பார்த்தாளா, பேனாவைப் பார்த்தாளா, தெரியாது.

"வேலைக்காகாதது, தெனமும் நான் வரும்போது ஏண்ணே அதுலயே நிக்குது?"

தட்டிரவா?

காதணி விழாக்காரர் நல்ல மனிதர். அழைப்பிதழை வாங்க வந்தபோது, அந்த வேற பாஷைக் கதையை முதலாளியிடமே சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். முதலாளி சிரிக்கவில்லை. மறுநாள் மதியம் மெக்கானிக்கைக் கூட்டிவந்து உட்காரவைத்தார்.

"இருக்கிறதே ரெண்டு ஆளு. மூணு கீபோர்டு எதுக்கு? வேணாததைத் தூக்கிரு."

"ஒண்ணும் ரெண்டும் தெரியுதுண்ணே. இந்த மூணாவது யாருது? தட்டிரவா?" மெக்கானிக்கின் விரல் அழிக்கிற விசையின் மேல் இருந்தது. அந்த மூன்றாவதைப் பதிந்து வைத்திருந்த என் ஃபிளாப்பி பூஞ்சை பிடித்துப் போய் மாதக்கணக்காகிறது. என்னுடையது என்றால் ஏன் என்று கேட்பார்கள். நான் புரூஃபில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

"அது என்னுதுண்ணே," என்றாள் சாந்தி. "எங்க பாஷையில பஜனைப் பாட்டு அடிக்கப் போட்டு வச்சிருக்கேன். வீட்டுல அப்பா கேட்டுக்கிட்டே இருக்காரு."

முதலாளி அவளைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"இருந்துட்டுப் போகட்டும். இந்த ஒரு பொட்டிக்குள்ள எம்புட்டுப் பாஷைடா!"

பத்து விரல் கேட்ட கடையில் ஒன்பதைக் கொண்டு ஏழு வருஷம் ஓட்டினேன். பத்தாவது விரலுக்கு ஒரு பாஷையே பொறுப்பேற்க வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு சாந்தி வேலையை முடித்தாள். டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்து, செருப்பைத் தேடி மாட்டினாள். கதவு வரை போனவள் திரும்பி வந்து, நின்றபடியே எஃப் பன்னிரண்டை ஒருமுறை தட்டினாள். திரையின் மூலையில் மூன்று என்ற எண் விழுந்ததைப் பார்த்துவிட்டு கம்ப்யூட்டரை அணைத்தாள்.