வெற்றிலையோடு துப்பிய மாத்திரை

எனக்கு வயது எழுபத்தெட்டு. வளர்த்து ஆளாக்கியது ஆறு பேரை. பெற்றது ஏழு, அந்த ஒன்றைச் சேர்த்து நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆறும் நல்லபடியாக நிற்கிறது என்று இந்த ஈப்போ டவுன் புந்தோங்கில் எவர் முன்னாலும் தலை நிமிர்த்திச் சொல்லுவேன். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். அவசரம் ஒன்றுமில்லை.

என் பக்கத்தில் ஒரு தகர வெற்றிலைப் பெட்டி இருக்கிறது. பிஸ்கோத்து வந்த பெட்டி. மூடியில் இருந்த படம் தேய்ந்து வெறும் தகரம் மினுங்குகிறது. இப்போது எனக்குப் பல் இல்லை. பகல் சாப்பாடு முடிந்ததும் என் ஓரகத்தி, அதாவது என் கொழுந்தனின் மனைவி, இந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போவாள். சின்ன உரலில் வெற்றிலையை இடித்து, உருட்டி, என் உள்ளங்கையில் கொண்டுவந்து வைப்பாள். அவளைச் சின்னவள் என்றுதான் கூப்பிடுவோம். இரண்டு பேருக்கும் புருஷன் போய்ச் சேர்ந்தாயிற்று. ஒரே வீட்டில் இருக்கிறோம். அவள் தரும் உருண்டையை வாங்கும்போது தினமும் என் கை கொஞ்சம் பின்வாங்கும். முட்டிவலி என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

எங்கள் தோட்டம் மலையடிவாரத்தில் இருந்தது. ஈப்போவுக்கு வர இரண்டு பஸ் மாற வேண்டும். எழுபதுகளில் பழைய ரப்பர் மரங்களைச் சாய்த்துப் புதுக் கன்று வைத்தார்கள். நிழல் போனதும் மலையிலிருந்து வரும் ஓடையில் வெயில் விழுந்தது. பார்க்கக் கண்ணாடி போல் தெளிந்த தண்ணீர். குளிர்காய்ச்சல் கொசுவுக்கு அதுதான் பிடித்தது. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் வீட்டுக்கு ஒருவர் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தார்கள். எனக்கு அது புதிதில்லை. நான் அங்கேயே பிறந்தவள். குழந்தையிலிருந்தே குளிர்காய்ச்சல் வரும், இரண்டு நாள் ஆட்டும், போகும். மூன்றாம் நாள் வாளியைத் தூக்கிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போய்விடுவேன். அதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் கிடையாது. மருந்து கொடுக்கும் டிரசர் ஒருவர் இருந்தார். என் முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது எனக்குப் பதினெட்டு வயது. ஏழாம் மாதம் காய்ச்சல் கண்டது. டிரசர் கொடுத்த கசப்பு மாத்திரையை விழுங்கினேன். அடுத்த மாதம் பிள்ளை செத்துப் பிறந்தது. "அந்த மருந்து சூடுடி, கருவைக் கரைச்சிடும்" என்று லயத்துப் பெண்கள் சொன்னார்கள். நம்பினேன். அடுத்த நான்கு பிள்ளைகளுக்கும் ஒரு மாத்திரைகூட என் தொண்டைக்குள் இறங்கவில்லை. காய்ச்சல் அப்போதும் வந்தது. பிள்ளைகளோ ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கனமாகப் பிறந்தது. விழுங்கியபோது போனது, துப்பியபோது பிழைத்தது. கண்ணால் கண்டதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று இருந்தேன்.

துப்புவதற்கு ஒரு வழி வைத்திருந்தேன். பிறகு வந்த வருஷங்களில் வயிற்றுப் பிள்ளைக்காரிகளுக்கு வாரம் ஒரு நாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிப்பதற்கு முன்னால், மாத்திரை கொடுப்பார்கள். டிரசர் தண்ணீர் ஊற்றி, குடித்த பிறகு வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார். மாத்திரையை நாக்குக்கு அடியில் தள்ளிவிட்டுத் தண்ணீரை மட்டும் விழுங்க வேண்டும். அவர் திரும்பியதும் வெற்றிலையை வாயில் போட்டால் சுண்ணாம்பும் புகையிலையும் கசப்பை மறைத்துவிடும். மரத்தடிக்குப் போய்ச் சிவப்போடு சிவப்பாகத் துப்பினால் யாருக்குத் தெரியும்? டிரசருக்குச் சந்தேகம் இல்லாமலில்லை. "ஏம்மா, அது வாயா, வெத்தலைக் கடையா?" என்பார். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

சின்னவள் புந்தோங்குப் பெண். பஸ்ஸும் மோட்டார் சைக்கிளும் பார்த்து வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த முதல் வருஷத்திலேயே இரண்டு முறை காய்ச்சலில் விழுந்தாள். "ஏங்க்கா, இந்த ஊர்க் கொசு டவுன்காரியாப் பாத்துக் கடிக்குதா?" என்று படுத்துக்கொண்டே கேட்பாள். பேச்சுக்குப் பேச்சு சிரிப்பு. இருபது வயதில் தலைப்பிள்ளை உண்டானது. மாத்திரை வாங்கப் போன முதல் நாள் காலையில் நான் அவளைத் தனியாக அழைத்து, நாக்கை எப்படி வைத்துக்கொள்வது என்று காட்டிக் கொடுத்தேன். இந்தப் பெட்டியைத் திறந்து நானே வெற்றிலை மடித்தேன்.

"டிரசர் திட்டுவாருக்கா."

"அவரா புள்ள பெத்தாரு? நான் நாலு பெத்தவ சொல்றேன். முழுங்காதலா."

வாராவாரம் அவளுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தது என் கைதான். ஐந்தாம் மாதம் லேசாகக் காய்ந்தது, அடங்கியது. டிரசர் விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்க்க அனுப்பினார். ஒன்றுமில்லை என்று வந்தது. பார்த்தாயா என்று நான் சொன்னேன். ஆனால் அவள் வெளுத்துக்கொண்டே போனாள். நாக்கு, நகக்கண் எல்லாம் வெள்ளை. நான்கு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவாள். டவுன் உடம்பு என்று சொன்னதும் நான்தான்.

எட்டாம் மாதமே வலி வந்துவிட்டது. ஆண் பிள்ளை. பூனைக்குட்டி கத்துவது போல் ஒரு சத்தம். மறுநாள் மத்தியானம் வரைக்கும் மூச்சு இருந்தது.

பிள்ளையோடு விழும் நஞ்சுக்கொடியைப் புதைப்பது வீட்டு மூத்த பெண்ணின் வேலை. லயத்தில் எத்தனையோ பேருக்கு நான் புதைத்திருக்கிறேன். ஈரல் போல் சிவந்து, கனத்து, பளபளவென்று இருக்கும். மருத்துவச்சி சட்டியில் வைத்து நீட்டியது அப்படி இல்லை. சின்னதாக, கரியைக் குழைத்துத் தடவியது போல் கறுத்திருந்தது. என் தலைப்பிள்ளையின் நஞ்சை என் அம்மா புதைத்தாள். என் கண்ணில் காட்டவில்லை. அதுவும் இந்த நிறம்தானா என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

மருத்துவச்சி சட்டியை விடாமல் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "காய்ச்சக்காரிக்கு இப்படித்தான் கறுக்கும். இவ மாத்திரைய ஒழுங்கா முழுங்குனாளா?"

"முழுங்குனாளே, என் கண்ணு முன்னால" என்றேன்.

உள்ளே படுத்திருந்த சின்னவளுக்கு அது கேட்டது. அவள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. வாழைமரத்துப் பக்கம் வழக்கத்தைவிட ஆழமாகக் குழி வெட்டினேன். பிள்ளை போன துக்கம் என்று சொல்லிக்கொண்டேன். பதினாறாம் நாள் மாமியார் நடுவீட்டில் நின்று, "ஆகாத வயிறு" என்று சொன்னாள். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். வடித்துக்கொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகு சின்னவள் பிள்ளை என்ற பேச்சையே எடுக்க விடவில்லை. கொழுந்தன் கெஞ்சிப் பார்த்தான். "இன்னொன்னையும் கொல்லச் சொல்றீங்களா?" என்று ஒரே வார்த்தையில் முடித்தாள். அந்தப் பெண்ணின் சிரிப்பு அதோடு நின்றது. எனக்குப் பிறகு இரண்டு பிறந்தது. இரண்டையும் குளிப்பாட்டி, தூங்கவைத்து, பள்ளிக்கு அனுப்பியது அவள்தான். ஆறு பேரை வளர்த்தேன் என்று மேலே எழுதியதில் பாதி அவளுடையது.

எண்பதுகளில் தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு வந்தோம். என் மூத்த மகள் தாதிப் படிப்பு படித்தாள். ஒரு நாள் பசியாறிக்கொண்டிருந்தபோது மலேரியா பற்றி டாக்டர் நடத்திய பாடத்தைச் சொன்னாள். அந்தக் கிருமி ரத்தத்தோடு ஓடி, நஞ்சுக்குள்ளே போய் ஒட்டிக்கொண்டு ஒளிந்திருக்குமாம். விரலில் குத்திப் பார்த்தால் சில நேரம் தெரியாதாம். பிள்ளைக்குப் போக வேண்டிய சத்து போகாதாம். தாய்க்கு ரத்தம் வற்றுமாம்; நஞ்சு கறுத்துப் போகுமாம்.

"தலைப்பிள்ளைக்குத்தாம்மா ரொம்ப மோசம். நஞ்சுக்குள்ள ஒளியறத உடம்பு அதுக்கு முன்னாடி பாத்ததில்ல, எதுத்து நிக்கத் தெரியாது. அடிக்கடி காய்ச்சல் வர்ற ஊர்ல அடுத்தடுத்த பிள்ளைக்கு உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக் கத்துக்கும். அந்த மாத்திரை கருவைக் கரைக்காதும்மா, காப்பாத்தத்தான் குடுக்கிறது."

கையில் இருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தேன். என் முதல் பிள்ளையைக் கொன்றது மாத்திரை இல்லை. எனக்கு மாத்திரை கிடைக்கும் முன்பே காய்ச்சல் உள்ளே வேலையைத் தொடங்கியிருக்கும். பிறகு பிறந்தவர்களைத் துப்பியா காப்பாற்றினேன்? முதல் பிள்ளையைக் கொடுத்து என் உடம்பு படித்த பாடம் அது. அந்தப் பாடத்தை நான் தலைகீழாகப் படித்து, இன்னொருத்தியின் வாயில் வெற்றிலையாக மடித்து வைத்திருக்கிறேன்.

இதையாவது தெரியாமல் செய்தது என்று சொல்லலாம். அடுத்ததுக்கு என்ன சொல்வது? மகள் சொன்ன அன்றைக்குச் சின்னவளுக்கு முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயதுதான். நாங்கள் இருந்தது கொசு மொய்க்கும் மலையடியில் இல்லை, ஈப்போவில். கொழுந்தன் உயிரோடு இருந்தான். அவள் அடுத்த அறையில் என் கடைசிப் பெண்ணுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். எழுந்து போய், "உன் வயிறு நல்ல வயிறுடி, தப்பு என் வாய்" என்று சொல்லியிருந்தால் அவள் இன்னொரு பிள்ளைக்குத் துணிந்திருப்பாள். சொன்னால் என் பிள்ளைகள் முன்னால் என் மரியாதை என்னாவது என்று நினைத்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். வருஷங்கள் ஓடி, அவள் தலை நரைத்து, சொல்லி ஒன்றும் ஆகாது என்ற இடத்துக்கு வந்த பிறகு எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. அந்த நிம்மதியைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

போன வாரம் கோயில் வாசலில் யாரோ அவளிடம் எத்தனை பிள்ளை என்று கேட்டார்கள். "நமக்கு ஆகாத வயிறும்மா" என்றாள், இந்த வயதிலும், சாதாரணமாக. வீட்டுக்கு வந்து பேத்தியிடம் நோட்டு கேட்டேன்.

வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. எழுதிவிட்டேன். பகல் சாப்பாடு முடிந்தது. பெட்டியை இப்போதுதான் எடுத்துக்கொண்டு போனாள். சமையல்கட்டில் உரல் சத்தம் கேட்கிறது. பேத்தியைக் கூப்பிடுகிறேன்.

இங்க வா கண்ணு, சமையல்கட்டுக் கதவை நல்லாத் தொறந்து வை. இதை முதல்லருந்து படி. மெதுவாப் படிக்காத, சத்தமாப் படிலா. உரல் சத்தம் நின்னாலும் நீ நிறுத்தாத.