மாமாவின் பிக்கப்பில் நான் ஏற்றிய கல்

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் போகும் ரோட்டில், வாசலில் லாரி அச்சை நட்டு வைத்த பட்டறை ஒன்று இருக்கிறதே, அது நான் போட்டது. கூரை போட்டது நான். புயலில் பறந்தபோது மறுபடி போட்டதும் நான்தான். பாங்கில் கடன் கேட்கப் போனால் சர்டிபிகேட் கேட்டார்கள். கரி பிடித்த இரண்டு கையையும் மேசைமேல் வைத்தேன். சிரித்துத் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கையை வைத்துத்தான், நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வாங்க வசதியில்லாத சம்சாரிகளுக்கு, பின்சக்கரம் மட்டும் இழுக்கிற பிக்கப்பையே கண்மாய்க்குள் இறங்கி ஏறுகிற மாதிரி மாற்றிக் கொடுத்தேன். அரியக்குடிப் பக்கம் வயலுக்குள் இறங்கி நெல்மூட்டை ஏற்றுகிற வண்டியைப் பார்த்தால், அதன் அடியில் குனிந்து பாருங்கள். என் வெல்டிங் தெரியும். இன்ஜினியரிங் காலேஜ் பிள்ளைகள் போனைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதெல்லாம் எங்கய்யா படிச்சீக?" என்று கேட்கிறார்கள். ஓடையில் படித்தேன் என்பேன். சிரிப்பார்கள். நிஜமாகவே ஓடையில்தான் படித்தேன்.

அந்த ஓடைப் பக்கம் இப்போது ரோட்டை அகலப்படுத்துகிறார்கள். கரையில் நிற்கிற கல்லைப் பெயர்த்துப் பத்தடி தள்ளி நடப்போகிறோம். அதில் வெட்டுவதற்கு என் மகன் நாலு வரி எழுதி வைத்திருக்கிறான். மாமா பெயர் இருக்கிறது. கல் நடுகிற கொத்தனார் பெயர்கூட இருக்கிறது. என் பெயர் இல்லை. அதனால்தான் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டியிருக்கிறது.

மாமா என்றால் அம்மாவுக்குத் தம்பி. கொல்லுப் பட்டறை வைத்திருந்தார். எங்கள் ஊர் கண்டரமாணிக்கத்திலிருந்து இன்னும் உள்ளே தள்ளி. ஊருக்கும் திருப்பத்தூர் ரோட்டுக்கும் நடுவில்தான் அந்த ஓடை. அப்போது பாலம் கிடையாது. ஐப்பசி பிறந்து நாலு மழை பெய்தால் ஊர் தீவாகிவிடும். மாமாவின் பெண்டாட்டி, என் அத்தை. அவளுக்கும் ஐப்பசியில்தான் மாதம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது, வலி கண்டதும் திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்று மருத்துவச்சி கையை விரித்திருந்தாள். அன்றிலிருந்து மாமா சரியாகச் சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை.

செட்டியார் வீட்டுக் கொட்டகையில் ஒரு பழைய வெளிநாட்டுக் கார் துருப்பிடித்துக் கிடந்தது. அதை இரும்பு விலைக்கு வாங்கி, மாட்டைக் கட்டி இழுத்து வந்தார். முன்சீட்டோடு அறுத்தார். அறுத்த இடத்துக்குப் பின்னால், இடித்த வீட்டு நிலைக்கதவுப் பலகைகளை அடித்துத் தொட்டி கட்டினார். என் அப்பா தச்சர். பலகையை இழைத்தது அவர். தாமரைப்பூ செதுக்கின பலகை பின்கதவாகி, அதில் வண்டி நம்பர் எழுதப்பட்டது. அடியில் வில் மாதிரி வளைந்திருக்குமே இரும்புப் பட்டைகள், அவற்றோடு உடைந்த லாரியின் பட்டைகளைச் சேர்த்துச் செருகி, வண்டியை முழங்கால் உயரம் தூக்கினார். புகை போகிற குழாயை வளைத்துக் கூரைக்கு மேலே கொண்டுபோனார். டயரைச் சுற்ற ஊஞ்சல் சங்கிலி.

ஊர் சும்மா இருக்குமா. "என்ன ஆசாரி, தேரு கட்டுறீகளா? வடம் பிடிக்க எப்பச் சொல்லுவீக?" என்றார்கள். "காருக்கு வேட்டியை மடிச்சுக் கட்டி விட்டாப்ல இருக்குய்யா" என்றார் இன்னொருவர். மாமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆனால் வண்டி காய்ந்த ஓடை மணலையே தாண்டவில்லை. முன்னால் இன்ஜின் கனம். பின்னால் வெறும் பலகை. இழுக்கிற சக்கரத்தில் பாரம் இல்லை, அதனால் நின்ற இடத்திலேயே சுற்றிக் குழி பறித்தது. மாமா குழிக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டார். நான்தான் சொன்னேன்: "பின்னால கல்லை ஏத்துங்க மாமா." எனக்கு அப்போது பத்து வயதுகூட இருக்காது. கவனித்துக்கொள்ளுங்கள், சொன்னது நான்.

மறுநாள் மாமா சாமான் வாங்கத் திருப்பத்தூர் போயிருந்தார். வண்டி ஓடைக்கரையிலேயே நின்றது. நான் கல் தேடிப் போனேன். கரையை ஒட்டிப் பழைய வண்டித்தடம் ஒன்று உண்டு. கருவேல முள் மூடிப்போய் யாரும் நடக்காத தடம். உள்ளே குனிந்து போனால், இரண்டு குட்டைத் தூண் சாய்ந்து கிடக்க, பக்கத்தில் குப்புற விழுந்து கிடந்தது நீளமான பலகைக் கல். தொட்டிக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி. செங்கல் சூளைக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு ஆட்களைக் கூப்பிட்டேன். எங்கள் ஊர்க்காரர்கள் இல்லை, பிழைக்க வந்தவர்கள். அவர்கள் ஒரு முனை, நான் ஒரு முனை. பூசணிக்காயைத் தூக்குகிற மாதிரி வந்துவிட்டது. "பாக்கத்தான் பெருசு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சாயந்தரம் மாமா வந்தார். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றார்.

"எங்குட்டுக் கிடந்துச்சு?"

"பழைய தடத்துல மாமா. முள்ளுக்குள்ள."

என்னை அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. தலைத்துண்டை அவிழ்த்துக் கல்லின் மண்ணைத் துடைத்தார். தூசி தட்டுகிற மாதிரி இல்லை; காய்ச்சல்காரர் முகத்தைத் துடைக்கிற மாதிரி. பிறகு வண்டியைக் கிளப்பினார். மணலில் இறங்கி, ஏறி, வீடு வந்து சேர்ந்தது. ஒரு இடத்தில்கூடச் சக்கரம் நின்று சுற்றிக் குழி பறிக்கவில்லை. என்னைவிடச் சந்தோஷப்பட வேண்டியவர் வழியெல்லாம் தொட்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டு வாசலில் அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தாள். மாமா தணிந்த குரலில், "இறக்கிரட்டா?" என்று கேட்டார்.

"எதுக்கு இறக்குறீக?" என்றாள் அத்தை. "இருக்கட்டும். அக்காவும் கூட வரட்டும்."

எந்த அக்கா என்று நான் யோசித்துப் பார்த்தேன். அத்தைக்குக் கூடப்பிறந்தவர்கள் எல்லாம் தம்பிகள். என் அம்மாவை அவள் மதினி என்றுதான் கூப்பிடுவாள். யாரோ பக்கத்து வீட்டுக்காரி துணைக்கு வருவாள்போல என்று விட்டுவிட்டேன்.

கல் ஏறினபிறகு வண்டியின் போக்கே மாறிவிட்டது. உச்சிவெயிலில் வண்டித் தகரத்தில் கையை வைத்தால் தோல் உரியும். கல் மட்டும் கிணற்றுக்குள் இறங்கும் கடைசிப் படி மாதிரி சில்லென்று இருக்கும். எங்கள் நாய் முன்பெல்லாம் தொட்டிக்குள் ஏறித்தான் தூங்கும். இப்போது வண்டிக்கு அடியில்கூட வருவதில்லை; தள்ளி நின்று, யாரோ கூப்பிட்ட மாதிரி வாலை மட்டும் ஆட்டும். எனக்கு அதைவிட உறுத்தியது பட்டைதான். பாரம் ஏற்றினால் பட்டை இறங்க வேண்டும். நான் சாண் வைத்து அளந்து பார்த்தேன். கல்லுக்கு முன்னால் எவ்வளவோ அவ்வளவுதான் கல்லுக்குப் பின்னாலும். ஆயிரம் வண்டிக்குப் பட்டை செருகிவிட்டேன், இன்றைக்கும் அதற்குக் காரணம் சொல்ல எனக்குத் தெரியாது.

ஒரு நாள் மத்தியானம் வண்டி புளியமரத்தடியில் நின்றது. நான் மட்டும் காவல். விறகு சுமந்துகொண்டு பெண்கள் சிலர் வரிசையாக வந்தார்கள். அவர்களில் மூத்தவள் நேராக வண்டிக்கு வந்து, பின்கதவைத் தானே இறக்கி, தலையிலிருந்த விறகுக்கட்டைக் கல்லின்மேல் இறக்கிச் சாய்த்தாள். ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி எல்லோரும் அப்படியே செய்தார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஏ கிழவி, இது எங்க மாமா வண்டி" என்றேன்.

"தெரியும் போடா. வண்டிதான் உங்க மாமனது." முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "இது இறக்கி வைக்கிற கல்லு. சுமைதாங்கி. வயித்துல பிள்ளையோட செத்துப்போனவளுக்கு நட்டு வைக்கிறது. போற வாறவுக இதுல சுமையை இறக்குனா, அவ சுமை கொஞ்சம் குறையும். எத்தனையோ வருசமா முள்ளுக்குள்ள யாரும் இறக்கி வைக்காமக் கிடந்தா, பாவம். இப்ப அவளே ஊருக்குள்ள வந்துட்டா."

பெருமூச்சு விட்டுவிட்டு, சுமையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அவர்கள் போய் வெகுநேரம் கழித்தும் அந்தப் பெருமூச்சு தொட்டிக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. பலகை வெயிலில் முறுக்கும் சத்தம் என்று அப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தேக்குப்பலகை அப்படி முறுக்காது என்று பின்னால் நானே தெரிந்துகொண்டேன்.

அத்தைக்கு வலி எடுத்த அன்று இரண்டு நாளாக விடாத மழை. மத்தியானம்தான், ஆனால் விளக்கு வைக்கும் நேரம் மாதிரி இருட்டிக் கிடந்தது. முன்சீட்டில் அத்தை, அவளைத் தாங்கிக்கொண்டு என் அம்மா. மாமா என்னைப் பார்த்து, "மாப்ளே, நீ பின்னால கல்லுகிட்ட இரு" என்றார். தலைக்கு ஒரு சாக்கு கொடுத்தார். வேறு யாரும் ஏறவில்லை. இதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஓடை செம்மண் கரைத்த தண்ணீராய் ஓடியது. கரையில் நின்றவர்கள் வேண்டாம் என்று கத்தினார்கள். இன்ஜின் காற்றாடி தண்ணீரை வாரி அடிக்காமல் இருக்க, மாமா பேன் பெல்ட்டைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு வண்டியை இறக்கினார். தண்ணீர் தொட்டிப் பலகையைத் தொட்டது. பாதி ஓடையில் வண்டி நின்றது. இடப்பக்கப் பின்சக்கரம் மட்டும் கறகறவென்று சேற்றில் சுற்றியது. இரண்டு சக்கரம் இழுக்கிற வண்டியின் சாபமே அதுதான்: பிடிப்பில்லாத சக்கரத்துக்கே இழுவை எல்லாம் போய்விடும், பிடிப்புள்ள சக்கரம் சும்மா நிற்கும். மாமா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, "திரும்பவுமா, திரும்பவுமா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இந்த வண்டி தண்ணீரில் இறங்கியதே இதுதான் முதல்தடவை. திரும்ப என்ன திரும்ப என்று எனக்குப் புரியவில்லை. அத்தையின் முனகல் நின்றுபோயிருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

நான் வலப்பக்க ஓரத்தில் சாக்கைப் போர்த்திக் குனிந்திருந்தேன். பக்கத்தில் நனைந்த சேலை வாசமும் மஞ்சள் வாசமும். மூச்சு வாங்குகிற சத்தம். காதுக்குப் பக்கத்தில் ஒரு பெண்குரல், அவசரமே இல்லாமல் சொன்னது:

"அங்குட்டுத் தள்ளி உக்காரு மருமகனே."

தள்ளி உட்கார்ந்தேன். இடப்பக்கச் சக்கரத்துக்கு நேர் மேலே போய் உட்கார்ந்தேன். என் எடை ஒரு ஆட்டுக்குட்டி எடை. ஆனால் நான் நகர்ந்ததும் எனக்குப் பின்னாலேயே கனமாக ஏதோ நகர்ந்து வந்து என்னை இடித்துக்கொண்டு உட்கார்ந்தது. கீழே பட்டை முதல்தடவையாகக் கிறீச்சிட்டு இறங்கியது. சக்கரம் சேற்றைக் கடித்தது. வண்டி ஒரு உலுக்கு உலுக்கி அக்கரையில் ஏறியது. நான் சாக்கை விலக்கிப் பார்த்தேன். தொட்டியில் கல்லும் நானும் மழையும்தான்.

அன்று சாயந்தரம் திருப்பத்தூரில் அத்தைக்குப் பெண்பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள்.

தண்ணீர் வடிந்ததும் மாமா கல்லை இறக்கினார். மூன்று பேர் விளையாட்டாக ஏற்றிய கல்லை இறக்க ஊரிலுள்ள திடமான ஆம்பளைகள் அத்தனை பேரும் வரவேண்டியிருந்தது. அப்படியும் ஒருவர் காலை நசுக்கிக்கொண்டார். தூண்களை நிமிர்த்தி, பாதையோரம் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் நட்டார். மறுவாரமே வண்டி அதே ஓடையில், கணுக்கால் தண்ணீரில் சிக்கி நின்றது. என் கண்டுபிடிப்பைக் கழற்றி எறிந்துவிட்டார்களே என்று நான் மாமாவோடு பேசாமல் இருந்தேன்.

அன்று பிறந்தவள்தான் இன்றைக்கு என் வீட்டுக்காரி. எங்கள் கல்யாணத்துக்கு முதல்நாள்தான் அம்மா என்னை அந்தக் கல்லுக்குக் கூட்டிப்போய் விழுந்து கும்பிடச் சொன்னாள். மாமாவுக்கு முதல்தாரம் ஒருத்தி இருந்திருக்கிறாள். அவளும் மாசமாக இருந்தபோது மாட்டுவண்டி இதே ஓடையில், இதே மாதிரி மழையில், பாதியில் நின்றுபோயிருக்கிறது. விடிகிறவரை நின்றிருக்கிறது. "நீ அப்பக் கைப்பிள்ளை. உன்னைய இடுப்பை விட்டு இறக்க மாட்டா. மருமகனே மருமகனேன்னு வாய் ஓயாது அவளுக்கு" என்றாள் அம்மா.

அந்த வார்த்தையில் என்னைக் கூப்பிட உரிமை உள்ளவள் அத்தை ஒருத்திதான் என்பதும், அந்த நேரம் என் அத்தை முன்சீட்டில் பேச்சில்லாமல் கிடந்தாள் என்பதும் ஓடையில் உட்கார்ந்திருந்த பையனுக்கு உறைக்கவில்லை. மாமா அந்த வண்டியை யாருக்காகக் கட்டினார் என்று கேட்டிருந்தால் அத்தைக்காக என்று சொல்லியிருப்பேன். எந்த அத்தைக்காக என்று கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

இப்போது கல்வெட்டு விஷயத்துக்கு வருகிறேன். வண்டி கட்டியது மாமா, அதை மறுக்கவில்லை. கரை சேர்த்தது அவள் என்று என் வீட்டுக்காரி சொல்கிறாள், அதையும் மறுக்கவில்லை. கல்லில் இடமில்லை என்கிறான் மகன். கொத்தனார் பெயரை எடுத்தால் இடம் வரும். முள்ளுக்குள் கிடந்த கல்லைக் கண்டெடுத்தது நான். வண்டியில் ஏற்றியது நான். அதற்கும் மேலே ஒன்று: தள்ளி உட்காரச் சொன்னது யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும், தள்ளி உட்கார்ந்தது நான். அதை வெட்டச் சொல்லுங்கள்.